அவர் விட்டுவிட்டு ஓடிய தொப்பி

இன்று வேலையிடத்தில் அழுதுவிட்டேன். ஜெர்மனியில், இந்த டோர்ட்மண்ட் முதியோர் இல்லத்தில் இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

என் பொறுப்பில் இருக்கும் ஒரு ஜெர்மன் அம்மாவின் கணவர் ஆங்கிலேயர். அறுபதுகளில் இங்கிருந்த பிரிட்டிஷ் படை முகாம்களில் பகிடி சொல்லிச் சிரிக்கவைக்க வந்தவர். பிறகு பாடகர். எழுபதுகளில் தொலைக்காட்சி நாடகங்களில் நடிகர். எப்போதும் அசட்டு ஆங்கிலேயன் வேடம்தான்.

முதன்முதலில் ஒரு மாணவர் விடுதியில் பாடினாராம். முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் விரல் முட்டியால் மேசையில் தட்டினார்கள்.

“போதும், போ எண்டு சொல்லுறாங்களாக்கும் எண்டு நினைச்சு, தொப்பியையும் விட்டிட்டு ஓடிட்டன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மாணவி தொப்பியோடு பின்னால் ஓடிவந்து, “நாங்கள் இப்பிடித்தான் பாராட்டுறனாங்கள்” என்றாளாம். அவளையே கட்டினார்.

அந்த அம்மாவுக்கு இப்போது பேச்சில்லை. கணவரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் அவர் தினமும் வந்து ஒரு பகிடி சொல்லி, ஒரு பாட்டுப் பாடி, கொஞ்சம் அசட்டு வேடமும் போட்டுக் காட்டுவார்.

இன்று பாடி முடித்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டு மேசையில் டொக், டொக், டொக். அம்மாவின் விரல் முட்டி.

அவர் அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாத்தனீங்களோ, இந்தமுறை நான் ஓடேல்லை” என்றார்.

எங்கள் தமிழ் விழா மண்டபங்களில் பாடுகிறவர்கள்தான் பாவம். நாங்கள் கையும் தட்டமாட்டோம், மேசையும் தட்டமாட்டோம். சாப்பிட ரோல்ஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் பாடுகிற மனுசன் இருந்தால், இண்டைக்கு எதிலையாவது ஒருக்காத் தட்டிவிடுங்கோ.