அக்கா இல்லாத வருடத்துக்கு ஒரு சொல்

அக்கா இறந்தபிறகு வந்த முதல் புது வருடம் அது.

நாங்கள் இருவருமே கலியாணம் செய்யாதவர்கள். கொக்குவிலில் ரெயில் பாதைக்குக் கிட்ட, மதில் கட்டிய வளவுக்குள் எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் போனபிறகும் அதிலேயே இருந்துவிட்டோம். அக்கா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பித்தவர். நான் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள்.

அக்காவுக்கு ஆட்கள் வேண்டும். பின்னேரமானால் யாராவது வருவார்கள். பழைய மாணவிகள் கைக்குழந்தையோடு வருவார்கள். பாடகர் குழுவில் பாடுகிறவர்கள் வந்து, பாடாமல் ஊர்க்கதை கதைத்துவிட்டுப் போவார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரக் கதிரையில் இருப்பேன். ஒரு நாளும் நான் யாரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேவை இருக்கவில்லை. எங்கள் வீடு ஆட்கள் வருகிற வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டுக்கு வளவு கொள்ளாத சனம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு அதுவும் குறைந்து நின்றது. யாரும் என்னை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அவர்கள் அக்காவிடம் வந்தவர்கள். அக்கா இல்லை, வரவில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்கு விளங்கப் பல மாதங்கள் சென்றன.

புது வருட ஆராதனை முடிய மண்டபத்தில் மாதர் சங்கத்துக்குத் தேநீர் கொடுத்தார்கள். வழக்கமாக அன்று ஒரு தட்டத்தில் வேத வசனம் எழுதிய அட்டைகள் வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்போம். அந்த முறை புதிதாக வந்த போதகரின் மனைவி, வசன அட்டையோடு வெற்று அட்டையும் ஒவ்வொன்று தந்தார். மட்டக்களப்புப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். எங்களைப்போல ‘வாங்கோ’ என்னாமல் ‘வாங்க’, ‘இருங்க’ என்று அவர் கதைப்பதைக் கேட்டு எங்கள் ஆட்கள் ஆளையாள் பார்த்துக்கொள்வார்கள்.

“வசனம் தானா வாறது. சொல்லை நாமளே எடுப்பம்” என்றார். “இந்த வருஷம் முழுக்க உங்கள வழி நடத்துறத்துக்கு ஒரு சொல். ஒண்டே ஒண்டு.”

ஒருவர் ‘சமாதானம்’ என்றார். ஒருவர் ‘சுகம்’ என்றார். மாதர் சங்கத்தில் எல்லோரோடும் கொழுவிச் சண்டைபிடிக்கிற ஒருவர் ‘பொறுமை’ என்றதும் மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். என் முறை வந்தபோது எனக்கு எதுவும் வரவில்லை.

“பரவாயில்ல அன்ரி. வீட்ட போய் ஆறுதலா யோசிங்க. அடுத்த கிழமை சொல்லலாம்.”

வீட்டுக்கு வந்து அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பென்சிலால் ‘நிம்மதி’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கு இருந்த நிம்மதி போதும் போதும் என்றிருந்தது. அழித்தேன். ‘நன்றி’ என்று எழுதினேன். அக்கா இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார். அதையும் அழித்தேன். கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் சொற்களை எழுதியே சம்பளம் வாங்கினவள் நான். எனக்கென்று ஒரு சொல் கிடைக்கவில்லை.

அந்தக் கிழமை நடுவில் ஒரு காலை, கேற்றடியில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூப்பிட்டார். நான் குசினியில் நின்றேன். “வாறன்” என்று குரல் கொடுக்கப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பச் சொன்னபோது கரகரவென்று வேறு யாருடையதோ போல ஒரு குரல் வந்தது. தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கதைத்தபிறகு நான் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் புதுச் சிலிண்டரைப் பூட்டி, வெறுஞ் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் போட்டு வாறன் அம்மா” என்றார்.

“ஓம், வாங்கோ” என்றேன்.

விடைபெறும்போது எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறதுதான். ஆனால் அவர் போனபிறகு கேற்றைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு உள்ளே போய் அட்டையில் ‘வா’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இப்படியொரு சொல். அழிப்போமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று அதைச் சொன்னேன்.

உடனே பொறுமைக்காரி, “ஆண்டவரே வாரும் எண்டு! எவ்வளவு நல்ல சொல்லு. எங்களுக்கு ஒருத்தருக்கும் வரேல்லை பாருங்கோ” என்றார். மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நான் மறுக்கவில்லை. போதகரின் மனைவி மட்டும் தலையாட்டாமல் என்னையே பார்த்தார்.

ஆண்டவரை நான் எப்படியும் தினமும் கூப்பிடுகிறேன். மனிதரைக் கூப்பிடத்தான் எனக்குத் தெரியாது. அந்த வருடம் அதைப் பழகுவது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த ஞாயிறே தொடங்கினேன். அக்காவின் சிநேகிதிகளிடம், “ஒருக்கால் வீட்டை வாங்கோவன்” என்றேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அவர்கள் உடனேயே, “ஓம், ஓம், கட்டாயம் வாறம்” என்றார்கள். ஒருவர் சனிக்கிழமை என்று நாளும் சொன்னார். நான் பட்டர் கேக் அடித்தேன். விறாந்தைக் கதிரைகளைத் துடைத்தேன். அக்காவின் நல்ல கோப்பைகளை அலுமாரியிலிருந்து எடுத்தேன். நாலு மணிக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு இருந்தேன். பின்னேர ரெயில் கூவிக்கொண்டு போனது. இருட்டியதும் கோப்பைகளைத் திரும்ப உள்ளே வைத்தேன். பேரனுக்குச் சுகமில்லையாம், நாள் குறித்தவர் மறுநாள் கோயிலில் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும். கேக்கை ஒரு கிழமையாக நானே தின்று தீர்த்தேன்.

பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருநாள் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, என்னோடு கந்தோரில் பக்கத்து மேசையில் வேலை செய்த சிநேகிதியைக் கண்டேன். பருத்தித்துறைப் பக்கம். கடலோடிக் குடும்பம். அவளுடைய புருஷன் கப்பலில் போய் வந்தவர். ஓய்வுபெற்றபிறகு நாங்கள் சந்திக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற அவளுடைய மருமகளுக்கு, அண்ணனின் மகளுக்கு, அறை பார்க்க வந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டாள்.

“ஒருக்கால் வீட்டை வாருமன்” என்றேன். அதற்குள் எனக்கு அது கொஞ்சம் பழகிவிட்டிருந்தது.

“வாறன், வாறன்” என்றுவிட்டு ஓடிப்போனாள். அவளும் மற்றவர்கள் சொல்வதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நல்ல வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. அவள்தான்.

“நீர் அண்டைக்கு வரச்சொன்னனீர். அது சும்மா வாய்க்குச் சொன்னதோ, உண்மையாச் சொன்னதோ?”

“உண்மையாத்தான்.”

“அப்பிடியெண்டால் நான் வந்து கொஞ்ச நாள் நிக்கலாமோ?” சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். புருஷனுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து போவதிலேயே பார்வை நேரம் முடிந்துவிடுகிறது. மருமகள் இருக்கிற அறையில் இன்னும் நாலு பிள்ளைகள். “ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. நீர் சொன்னது ஞாபகம் வந்தது.”

“உடனை வாரும்” என்றேன்.

அன்று பின்னேரமே ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு பயணப் பையும் பேப்பரில் சுற்றிய கருவாட்டுப் பொதியும். அக்காவுக்குக் கருவாட்டு மணம் ஆகாது. எங்கள் குசினியில் அது பொரிந்ததே இல்லை. அடுத்த நாள் காலையில் அது பொரிகிற மணம் வீடு முழுக்க நின்றது. நான் யன்னலைத் திறக்கவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு முருகன் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

“உங்கடை வீட்டிலை இதை எங்கை வைக்கிறது? அறைக்குள்ளையே வைச்சிருக்கிறன்.”

“ஏன் அறைக்குள்ளை? உதிலை வையும்” என்று முன்னறைச் சின்ன மேசையைக் காட்டினேன். காலையில் அவள் அங்கே விளக்குக் கொளுத்துவாள். நான் என் கதிரையில் இருந்து வேதம் வாசிப்பேன். பிறகு இருவரும் குசினிக்குப் போவோம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலை இருந்தது. விடிய எழும்பிச் சமைத்து, அடுக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவள் அவரைத் தடவிக்கொடுத்து, கஞ்சி பருக்குவாள். அவருக்கு வாய் கோணிப்போய், சொல்வது ஒன்றும் விளங்காது. நான் வெளியே மர வாங்கில் இருப்பேன். திரும்பி வந்து சாப்பிடும்போது அவள் கதைப்பாள். அவர் முதன்முதல் கப்பலால் வந்தபோது கொண்டுவந்த நீலக் குடை, மாமியாரோடு கொழுவின கதை, மகன் லண்டனில் கட்டின பெண். கந்தோரில் அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. நானும் கதைத்தேன். அக்கா கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியாமல் ‘மிஸ்’ என்று கூப்பிட்டதை அதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்குச் சொன்னேன். கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கை காய்ந்துபோனது.

ஒருநாள் வார்ட்டிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “வாற கிழமை வீட்டை விடினமாம்! டொக்டர் சொல்லிப்போட்டார். வீட்டிலை வைச்சு எக்சசைஸ் குடுத்தால் போதுமாம்.”

“கடவுளே, நல்லதாப் போச்சு” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் இனி அவள் போய்விடுவாள் என்றும் கூடவே நினைத்தேன். அவளுடைய சந்தோஷத்துக்கு முன்னால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், தேத்தண்ணி வாங்கிவருகிறேன் என்று கடைப்பக்கம் போனேன். ஒரு மனிதனின் நோய் வருத்தத்தால் என் வீட்டுக்கு வந்த வெளிச்சம், அவருக்குச் சுகம் வந்தால் போகத்தானே வேண்டும்.

வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் உள்ளே சாய்ந்து இருந்தார். இடது கை மடியில் கிடந்தது. அவள் கேற்றடியில் என்னைக் கட்டிப்பிடித்தாள். அக்காவின் செத்தவீட்டுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

அக்கா போனபிறகு வந்த அமைதி எனக்கு ஒரு மாதிரிப் பழகியிருந்தது. இது பழகாதது. இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு நின்றேன். முன்னறைச் சின்ன மேசையில் எண்ணெய் சிந்தின வட்டம் இருந்தது. பல நாள் அதைத் துடைக்கவில்லை. அந்த மாதம் மாதர் சங்கத்துக்கும் போகவில்லை.

போதகரின் மனைவி தேடிக்கொண்டு வந்தார். கேற்றடியில் நின்று, “உள்ள வரலாமா அன்ரி?” என்றார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். கோயில் விஷயம் ஒன்றும் கதைக்கவில்லை. எழும்பும்போது, “நீங்க அண்டைக்குச் சொன்ன சொல் எனக்கு விளங்கினது. வர யோசிச்சன். ஒரு வீட்டுக்குப் போனா மத்த வீட்டாக்கள் கோவிப்பாங்க எண்டு சபையாக்கள் சொன்னாங்க” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “எனக்கும் இங்க போறத்துக்கு வீடு இல்ல” என்றார். அதற்குப் பிறகு அவர் இடைக்கிடை வந்தார். அடிக்கடி இல்லை. சொல்லிவிட்டு வராமல் விட்ட நாட்களும் உண்டு. கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறதில் எனக்கு இப்போது பெரிய துக்கமில்லை.

சிநேகிதி போனில், “இனி நீர்தான் வரவேணும், நான் அசையேலாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவரை வரச்சொல்லிப் பழகிய எனக்கு, போகப் பழக இன்னும் கொஞ்சக் காலம் வேண்டியிருந்தது. மழை தொடங்கியபிறகு ஒருநாள் பஸ் ஏறினேன். வல்லை வெட்டவெளியில் தண்ணீர் இரண்டு பக்கமும் நிறைந்து, காற்று பஸ்ஸைத் தள்ளியது.

அவள் மெலிந்துபோயிருந்தாள். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் வலக்கையைத் தூக்கினார். அவளுக்கு என்னோடு இருந்து கதைக்க நேரமே இல்லை. அவரைக் குளிக்கவார்க்க வேண்டும், கையை மடக்கி நீட்ட வேண்டும், மருந்துக் குளிசை கொடுக்க வேண்டும். நான் மீனை வெட்டினேன். தேங்காய் துருவினேன். சாப்பாடு முடிய அவள் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டாள். எழுப்பவில்லை. நானும் அவரும் கடல் இரைகிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். அவர் ஏதோ சொன்னார். விளங்கவில்லை. “ஓம்” என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பின்னேர பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார், “சொந்தக்காரர் வீட்டை போட்டு வாறியளோ?”

“ஓம்” என்றேன்.

நெல்லியடி தாண்டும்வரை அவர் தன்னுடைய மகளின் கலியாண வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு இறங்கிப்போனார். மழை யன்னலால் அடித்தது. எழும்பி யன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, மிச்சத் தூரமும் தனியே இருந்து வந்தேன்.