ருசி பார்க்காமல் பிசைந்த சார்டின்

என் கணவருக்குத் தஞ்சோங் பகாரில் வேலை. அலுவலகத்துக்குக் கீழேயே ஓர் இத்தாலிய ரொட்டிக் கடை. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஃபொக்காச்சா வாங்கி, எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஃபேரர் பார்க் வீட்டுக்கு வந்து சேருவார். விரலால் குழி குழியாக அழுத்தி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே கல்லுப்புத் தூவிச் சுட்ட தடித்த ரொட்டி. "இத்தாலிக்காரன் ஊத்தப்பம் வந்துடுச்சு" என்று கிண்டல் செய்வேன். சனிக்கிழமை காலை உள்ளே வைப்பதற்கு அவரே ஏதாவது பிசைவார். அவித்த முட்டையில் மயோனைஸும் கறிவேப்பிலையும், இல்லாவிட்டால் முந்தின நாள் உருளைக்கிழங்கு மசாலா. ஆனால் அவருக்கு உயிர் என்னவோ டின்னில் வரும் சார்டின் மீன்தான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டு முள்ளோடு நசுக்கிவிடுவார்.

இருதயம் கெட்ட பிறகு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதாவது, நான் அடியோடு நிறுத்தினேன். என் குணம் அப்படி. அந்தக் கடைசிச் சனிக்கிழமை அவர், "ஒரே ஒரு துண்டு ரொட்டியில கொஞ்சம் சார்டின் வச்சுக் குடேன்" என்றார். "வாயைக் கட்ட முடியலையா உங்களுக்கு?" என்று கத்தி, ஓட்ஸ் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். மகள் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலைகளில் சமையலறையில் டின் திறக்கும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. வெங்காய வாசனை மட்டும் நிற்கும். புத்தி பேதலிக்கிறது என்று பயந்தேன். மகளிடம் சொல்லவில்லை. அவள் ரொட்டியைத் தொடுவதே இல்லை. நான் வாங்கி வந்தால் எழுந்து அறைக்குள் போய்விடுவாள். அப்பாவை வயிறு வாட அனுப்பியவள் என்று என்மேல் கோபம், வேறென்ன. எனக்கும் என்மேல் அதே கோபம்தான்.

முதலாண்டுப் படையலில் வடை, பாயசத்தோடு ஃபொக்காச்சாவில் சார்டினும் பிசைந்து வைத்தேன். மீன் படைக்கிற குடும்பம்தான் எங்களுடையது. இருந்தாலும் ரொட்டியைப் பார்த்து நாத்தனார் முகம் சுளித்தார்.

"இதெல்லாம் வைக்கக் கூடாது லா அண்ணி."

"உங்க அண்ணன் கேட்டது இதுதான்" என்றேன்.

விளக்கேற்றி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். நான் கதவில் காதை வைத்துக்கொண்டேன். சாப்பிட்டுட்டுப் போங்க, சாப்பிட்டுட்டுப் போங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

படைத்ததை வீட்டு மனிதர்கள் சாப்பிட்டாக வேண்டும். தட்ட முடியாமல் மகள் அந்த ரொட்டியில் ஒரு வாய் கடித்தாள். நானும் கடித்தேன். உப்புக் கரித்தது. படையலுக்குச் சமைப்பதை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது. உப்பில்லாமல் சமைத்தே பழகிய கை, போட்டதை மறந்து இரண்டு தரம் போட்டிருக்கிறது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் குடுத்ததும் இப்படித்தாம்மா உப்பா இருந்துச்சு."

"என்னிக்கு?"

"நீங்க மார்க்கெட் போனதும் அப்பா என்கிட்ட கேட்டாங்க. பாவமா இருந்துச்சு. அவங்க ஃப்ரீசர்ல ஒளிச்சு வச்சிருந்த ரொட்டிய டோஸ்ட் பண்ணி, சார்டின் வச்சுக் குடுத்தேன். ரெண்டு துண்டு சாப்பிட்டாங்க. நான் குடுத்ததாலதான் போயிட்டாங்களாம்மா?"

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் மனுஷன் பசியோடு போகவில்லை. கேட்டதைத் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"ரெண்டு துண்டா? முழுசாச் சாப்பிட்டாரா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"முழுசாத்தான்" என்றாள்.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது, அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.