நாங்கள் கேட்டது ஃபார்சி

லண்டனில் மொழிபெயர்ப்பாளர்களை ஆஸ்பத்திரிக்கும் கவுன்சிலுக்கும் அனுப்பிவைப்பது என் வேலை. மொழியால் வரும் கரைச்சலைவிட அதன் பெயரால் வரும் கரைச்சலே பெரிது என்பது, இதே தொழிலில் வதைபடுகிற உங்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும்.

கண் ஆஸ்பத்திரி

ஷிரின் தெஹ்ரானில் பிறந்தவர், எங்களுடைய பாரசீக மொழிபெயர்ப்பாளர். ஈரானிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவரின் கண் ஆபரேஷனுக்கு அவரை அனுப்பினேன். சற்று நேரத்தில் வரவேற்பு மேசைப் பெண் எனக்குப் போன் எடுத்தாள். ஷிரினின் அடையாள அட்டையில் 'பெர்சியன்' என்று இருக்கிறதாம், அவர்கள் கேட்டது ஃபார்சியாம்.

"இரண்டும் ஒரே மொழிதான். ஜெர்மன்காரர் தங்கள் மொழியை டொய்ச் என்கிறார்கள், நீங்கள் ஜெர்மன் என்கிறீர்கள் இல்லையா?" என்றேன். அவள் மசியவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போடப்பட்டுவிட்டது என்றாள். காலையிலிருந்து சாப்பிடாமல் வந்த அந்த அம்மா பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அம்மாவும் ஷிரினும் ஆத்திரத்தோடு பேசிக்கொள்வது போனில் எனக்கே கேட்டது. "அவர்கள் இப்போது பேசுவது என்ன மொழி?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. ஆனால் ஃபார்சி இல்லை."

புது அட்டை

அட்டையை மாற்றித் தரவா என்று கேட்டதும் ஷிரின் என்மேல் பாய்ந்தார். "இங்கிலிஷில் என் மொழிக்கு எவ்வளவோ காலமாகப் பெர்சியன் என்று பெயர் இருக்கிறது. எங்கள் கவிதை, சரித்திரம் எல்லாம் அந்தப் பெயரில்தான் இவர்களுக்குத் தெரியும். ஃபார்சி என்றால் நேற்று முளைத்த ஏதோ ஒன்று என்று நினைக்கிறார்கள்" என்றார். பிறகு, அந்த அம்மாவின் கண்ணை நினைத்து, 'ஃபார்சி' அட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

இதையெல்லாம் எங்கள் மேலாளரிடம் கொட்டினேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியென்றால் அவருக்கு இரண்டு மொழி தெரியும் என்று போடலாமே!"

ஈரச் சுவர்

நஜீப் காபூல்காரர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற பகுதியில் அவர் இருக்கிற வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சணம், பிள்ளைக்கு விடாத இருமல். வீட்டுப் புகாரை விசாரிக்கிற கவுன்சில் எங்களிடம் தாரி மொழிபெயர்ப்பாளர் கேட்டது. ஆப்கானியர் பேசும் பாரசீகத்துக்கு அங்கே அரசாங்கம் வைத்த பெயர் அது. அன்றைக்குத் தாரிக்காரர் யாரும் கிடைக்காததால் நஜீபிடமே கேட்டேன். ஈரான்காரர் வந்தால் போதும், நன்றாக விளங்கும் என்றார். ஷிரினை அனுப்பினேன்.

அதிகாரி சுவரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லையாம். "நீங்கள் பேசுவது தாரியா, ஃபார்சியா, பெர்சியனா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாராம். கடைசியில் நஜீப் மேசையில் ஓங்கித் தட்டிச் சொன்னதை, ஷிரின் ஒரு சொல் விடாமல் இங்கிலிஷில் சொல்லியிருக்கிறார்.

"என் வீட்டில் ஃபார்சி என்போம். நீ எந்தப் பெயரையும் எழுதிக்கொள், என் பிள்ளை எல்லாவற்றிலும் ஒரே மாதிரித்தான் இருமுகிறான்!"

ஒரு மொழிக்கு மூன்று பெயர் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று பெயரையும் தெரிந்துவைத்துக்கொண்டு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாதவர்களோடு நாள் முழுக்க இங்கிலிஷில் மல்லுக்கட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.