தோட்டாவுக்கு வேர்க்கக் கூடாது

உலகம் ஒருநாள் அழியும். மலை பொடியாகும், கடல் வற்றும், கரப்பான்பூச்சிகூடக் கால் நீட்டி மல்லாந்துவிடும். அதற்கப்புறமும் பூமியில் புத்தம்புதிதாகப் பளபளத்துக்கொண்டிருக்கப் போவது ஒன்றே ஒன்றுதான்: கிழக்குக் கென்டக்கியில், டாகெட் ஓடைக்கரையில், வெர்லின் ஸ்டிடம் வீட்டு வடக்கு அறையில் இருக்கும் தோட்டாக்கள். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரை ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்ததில்லை.

முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் ராணுவப் பச்சை அடித்த இரும்புப் பெட்டிகள், சுவர் தெரியாத அளவுக்கு. ஒவ்வொரு பெட்டியின் மூடி விளிம்பிலும் காற்றை உள்ளே விடாத ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அதை விரலால் தடவுவார், மூக்கால் மோந்து பார்ப்பார், கடைசியில் காதை வைத்துக் கேட்பார். என்ன கேட்கிறதென்று யாருக்கும் தெரியாது. "நல்லாத் தூங்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்வார்.

வேலை, பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. ஆள் ஆறடிக்கு மேல். கழுத்தில் கயிறு கட்டி வடக்கு அறைச் சாவி. கல்யாண மோதிரம் எங்கே என்று கேட்டால் யோசிப்பார். சாவியைக் கேட்டால் யோசிக்காமல் கழுத்தைத் தொடுவார்.

கொள்கை சுருக்கமானது. "சூடு ஆகாது, ஈரம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. தோட்டாவுக்கு வேர்க்கக் கூடாது பாரு. வேர்த்துச்சுன்னா பித்தளை பச்சையாப் பூத்துரும்." கூரைக்கடியில் வைத்தால் வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும். நிலவறையில் வைத்தால் ஓடை பெருகும்போதெல்லாம் தவளை வந்து குடியேறும். ஆகவே வடக்கு அறை. கோடையில் அந்த அறைக்கு ஏ.சி. உண்டு. வெர்லினுக்கும் அவர் மனைவி லொரீனுக்கும் ஜன்னல் உண்டு, காற்று வந்தால்.

"ஏன்யா, என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ஒரு பெட்டியக் கட்டியிருக்கலாம்ல?" என்பார் லொரீன்.

"உனக்கு எதுக்கும்மா ஏ.சி.? நீ துருப்பிடிக்க மாட்ட."

புதுச் செருப்புப் பெட்டியில், மாத்திரைப் புட்டியில், 'தின்னாதே' என்று எழுதிய குட்டிப் பொட்டலம் ஒன்று கிடக்குமே, ஈரத்தை உறிஞ்சுவது. ஓடைக்கரையில் யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை, வெர்லினிடம் கொடுத்துவிடுவார்கள். பிறந்தநாளைக்கும் அதுதான் பரிசு. அவர் அவற்றைத் தட்டில் பரப்பி, சோளரொட்டி சுடும் அதே அடுப்பில் இளஞ்சூட்டில் காயவைத்து, பெட்டிக்குள் போடுவார். ஒருமுறை யாரோ ஒருவர் அந்தப் பொட்டலங்களில் சிலதைப் பிரித்து, சர்க்கரையை நிரப்பி ஒட்டிக் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க வீடே மிட்டாய்க் கடையாக மணத்தது. வெர்லின் அடுப்புக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "இந்தக் கம்பெனிக்காரன் நல்ல சரக்காப் போடறான்," என்றார். அந்த யாரோ ஒருவர் யாரென்று இதுவரை வெளியே வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வளவு தோட்டாவையும் என்ன செய்வார் என்று கேட்கக் கூடாது. ஒன்றும் செய்யமாட்டார். நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் நாளன்று, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மச்சான் டென்வர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

"மச்சான், ரெண்டு தோட்டா இருந்தாக் குடேன்."

டென்வர் வருஷா வருஷம் அதே திண்டாட்டத்தோடு நிற்பார். "மாமா, ஒரு பட்டாளத்துக்கே போதுற அளவு உங்க வீட்ல கெடக்கே?"

"அதெல்லாம் சீல் வச்சதுடா. சீல உடைச்சா ஈரம் பூந்துரும்."

"அப்புறம் எதுக்கு வாங்கறீங்க?"

"தேவைப்படும்ல."

"இப்பத்தான் தேவைப்படுது!"

"இது வேற தேவை," என்பார் வெர்லின். சில துப்பாக்கிகளுக்கு அவரிடம் தோட்டா மட்டும்தான் உண்டு, துப்பாக்கி கிடையாது. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமாம்.

இப்படியே போயிருக்கும். இந்த வருஷம் மகள் ஷானா ஒஹாயோவிலிருந்து போன் செய்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து அஞ்சு மாதம், பெயர் ஓப்பல். வெர்லினும் லொரீனும் அதைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்கள். நவம்பர் கடைசி வியாழன் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருகிறேன், ஆனால் வடக்கு அறைதான் என் அறை, அங்கேதான் பிள்ளையைப் படுக்கவைப்பேன், அறை காலியாக இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் மாமியார் வீட்டிலேயே வான்கோழி தின்றுகொள்கிறேன் என்றாள்.

"அதுங்க உன்ன என்னம்மா பண்ணுது? சத்தம்கூடப் போடாது," என்றார் வெர்லின்.

"அப்பா, நானா, அதுவா?"

வெர்லினின் கை கழுத்துச் சாவிக்குப் போனது. அந்த இடைவெளியில் லொரீன் போனைப் பிடுங்கி, "காலியாயிரும், நீ வா," என்று வைத்துவிட்டார்.

இடம் தேடிய கதையைச் சொன்னால் ஓடைக்கரை இன்றும் சிரிக்கும். டென்வர் வீடு ஆகாது, அவர் படுக்கையிலும் சிகரெட் பிடிப்பவர். பஸ் ஷெட் ஆகாது, கூரை ஒழுகும். லொரீனின் அக்கா வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது, அதுவும் ஈரம்தான். கடைசியில் எல்லாப் பெட்டிகளும் வெர்லின், லொரீன் படுக்கையறைக்கே வந்தன. கட்டிலுக்கடியில், அலமாரிக்குள், ஜன்னலைப் பாதி மறைத்து. கதவுக்கும் ஒரு பூட்டு. ஒரு சாவி அவர் கழுத்தில், இன்னொன்று லொரீன் அடம்பிடித்து வாங்கியது, மாற்றுத்துணி எடுக்க. பெட்டி சுமந்து முதுகு பிடித்துக்கொண்டதால் வெர்லின் இரண்டு நாள் கேள்விக்குறி மாதிரி நடந்தார்.

வடக்கு அறையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். படுக்கையறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ஓர் ஈரமானி வாங்கிவந்தார். கைக்கடிகாரம் போல வட்டமாக, ஒற்றை முள்ளோடு. ஐம்பதுக்குக் கீழே நின்றால் நல்லது. ஆணியில் மாட்டினார். முள் அறுபதைத் தாண்டி நின்றது. ஒரு பக்கம் குளியலறை, மறுபக்கம் வான்கோழி வெந்துகொண்டிருக்கும் சமையலறை. போதாததற்கு அறையில் இரண்டு பேர் படுக்கிறார்கள்.

"லொரீன், நீ ரொம்ப மூச்சு விடறே."

"நிறுத்திடவா?"

ஷானா வந்தாள். ஓப்பல் கன்னத்தில் மாவு பிசைந்து வைத்தது போல இருந்தது, பார்ப்பவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தது. டென்வர் தூக்கினார். லொரீனின் அக்கா தூக்கினார். பக்கத்து வீட்டிலிருந்து பின்வாசல் வழியாக வந்து சாப்பாட்டு மேஜையில் தானே தட்டு எடுத்துப் போட்டுக்கொண்ட யாரோ ஒருவர்கூடத் தூக்கினார். வெர்லின் மட்டும் கையை நீட்டுவார், நீட்டிய கை பாதியில் நிற்கும். "இருங்க, முள்ளப் பாத்துட்டு வந்துர்றேன்."

வியாழக்கிழமை முழுக்க முள். வெள்ளிக்கிழமை முழுக்க முள். ஜன்னலைத் திறப்பார், மூடுவார், பொட்டலங்களைக் காயவைப்பார், யாராவது குளித்தால் குளியலறைக் கதவைத் தட்டி, "சீக்கிரம், ஆவி வருது!" என்பார். குழந்தை அவரைக் கண்டதும் கையை ஆட்டும். கையாட்டல் முடிவதற்குள் மனிதர் மறைந்துவிடுவார்.

வெள்ளி சாயங்காலம் ஷானா பையில் துணியை மடித்து வைத்தாள். "நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பறேம்மா. அப்பாவுக்கு வேல இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். லொரீன் பாத்திரத்துக்கு மேல் குனிந்துகொண்டு வெகுநேரம் ஒரே தட்டைத் தேய்த்தார்.

யாரோ ஒருவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வெர்லின் இன்னும் கொஞ்சம் பொட்டலம் கேட்டு டவுனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். லொரீன் தன் சாவியை அந்த யாரோ ஒருவரிடம் நீட்டி, "என் ஸ்வெட்டர எடுத்துட்டு வா, கண்ணு. அவசரமில்ல, மெதுவா எடு," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கோழிகளை எண்ணத் தொடங்கினார்.

வெர்லின் திரும்பி வந்து பார்த்தார். முள் நாற்பத்திரண்டில் நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். நாற்பத்திரண்டு. "லொரீன்! எறங்கிருச்சு!" என்று கத்தினார், காய்ச்சல் விட்ட பிள்ளையின் தகப்பன் மாதிரி. பிறகு கூடத்துக்கு வந்தார். எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஷானா எழுந்து ஓப்பலை அந்தப் பெரிய கைகளில் வைத்தாள்.

அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாடு முடிந்தது, குழந்தை இறங்கவில்லை. ஷானா பையை எடுத்து வந்து வைத்தாள், குழந்தை இறங்கவில்லை. "நல்லாத் தூங்குது," என்றார் வெர்லின் ரகசியக் குரலில். ஷானா பையைத் திரும்ப வடக்கு அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

சமையலறையில் உருளைக்கிழங்கு வெந்து ஜன்னலெல்லாம் வியர்த்து வழிந்த நேரத்தில், தோளில் குழந்தையோடு அவர் படுக்கையறைக்குப் போனார். ஸ்வெட்டரைத் திரும்ப வைக்கும் சாக்கில் யாரோ ஒருவரும் பின்னாலேயே போனார். நாற்பத்திரண்டு. வெர்லின் ஜன்னலைப் பார்த்தார். ஈரமானியை ஆணியிலிருந்து கழற்றி வாயருகே வைத்து, ஹா என்று நீளமாக ஊதினார். கண்ணாடி மங்கியது. முள் அசையவில்லை.

கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, உற்றுப் பார்த்தார். முள்ளின் அடியில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் காய்ந்து ஒட்டியிருந்தது. கிளிப்பச்சை.

"டாகெட் ஓடை முழுக்கத் தேடினாலும் இந்தக் கலர ஒரே ஒரு கழுதைதான் போட்டுக்கிட்டுத் திரியும்," என்றார், குழந்தை விழிக்காத குரலில்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து, விரலைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு ஈரமானியை, முகம் நேராக இருக்கிறதா என்று சரிபார்த்து, அதே ஆணியில் திரும்ப மாட்டினார்.