ஆற்றுக்குள் காய்த்த வெள்ளரி

விழிதியூர் அல்லியைக் கைதூக்கிவிட்டவை ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள்தான். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் ஊர் ஏசும். முதலில் அவள் புருஷன் கருப்பையனே ஏசுவான்.

கருப்பையன், மிராசுதார் தெட்சிணாமூர்த்தியின் வயல்களில் ஏர் ஓட்டுகிறவன். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தால் அவனுக்குக் குறுவை உழவு, அல்லிக்கு நடவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதை ஒட்டி அந்த ஒழுங்கு குலைந்தது. குடகில் மழை பிந்திவிட்டது என்றார்கள், மேட்டூர் நிரம்பவில்லை என்றார்கள். ஆனி போய், ஆடியும் போய், ஆவணியில்தான் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கடலோரத்துக் காரைக்கால் பக்கம் வந்து சேர்வதற்குள் அதுவும் மெலிந்துவிட்டிருந்தது. குறுவை இல்லை. ஏரைச் சுவரில் சாத்திவிட்டுக் கருப்பையன் வேலை தேடி அலைந்தான்.

தண்ணீர் வராத அந்த மாதங்களில் அல்லி ஆற்றில் இறங்கினாள். வெறும் மணல்தான், ஆனால் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று கசிந்தது. குழி எடுத்து, எருவைக் கொட்டி, வெள்ளரி விதை ஊன்றினாள். முதல் தடவை கொடி கருகிப்போயிற்று. ஊற்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. தள்ளிவிட ஆற்றுத் தண்ணீர் இல்லாததால் கடல் உள்ளே ஏறியிருந்தது. மறு வருஷம் மேற்கே வெகுதூரம் தள்ளிப் போட்டாள். காய்த்துக் குவிந்தது.

அது நோன்பு மாதம். காரைக்காலில் பத்ருன்னிசா என்கிற வியாபாரி வீட்டம்மா கூடையை இறக்கச் சொல்லி, ஒரு பிஞ்சைக் கடிக்காமல் மோந்து மட்டும் பார்த்தாள்.

“நோம்பு தொறக்க நல்லா இருக்கும். பெருநாள் வரைக்கும் வேற வீட்டுக்குக் குடுத்துடாதே, அல்லி.”

அல்லியின் வீட்டில் இரண்டு வேளை உலை கொதித்தது. கருப்பையன் சாப்பிட்டான், தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ஐம்பத்து மூன்றில் அல்லிக்குத் தைரியம் கூடியது. ஆவணிக்கு முன்னால் ஆறு எங்கே வரப்போகிறது என்று முதல் காய்ப்பு முடிந்ததும் இன்னொரு தரம் விதை போட்டாள். ஆனி நடுவில் கொடியெல்லாம் மஞ்சள் பூவும் பிஞ்சுமாகக் கிடந்தபோது தமுக்குச் சத்தம் கேட்டது.

“ஆத்துல தண்ணி வருது! ஆடு மாடெல்லாம் கரையேத்துங்க!”

ஊரே கற்பூரமும் பூவுமாகக் கரைக்கு ஓடியது. அல்லி ஆற்றுக்குள் ஓடினாள். குனிந்தவள் நிமிரவில்லை; காயென்றும் பிஞ்சென்றும் பார்க்காமல் பறித்தாள். ஒரு தடவை கரையைப் பார்த்தபோது, கும்பலுக்கு நடுவே கருப்பையன் கைகூப்பி நின்றான். அவன் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை அவள் பார்த்து வெகு நாளாயிற்று. அவளுக்குக் கோபம் பொங்கியது. ஆற்றின் மேலா, அவன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினான்.

“நீங்க எதுக்கு வர்றீங்க? போயி சாமி கும்பிடுங்க.”

“கோணியப் புடி புள்ள.”

நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெள்ளத்தான் வந்தது. காய்ந்த மணல் அதை உறிஞ்சி உறிஞ்சி ‘உஸ்’ என்றது. கணுக்காலை நனைத்தபோது பாதிக் கொடிதான் பறித்திருந்தார்கள். மீதி, பூவோடு மிதந்து போயிற்று.

கரையில் உட்கார்ந்து அழுதாள். கருப்பையன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எனக்குச் சந்தோசமா இருக்கு அல்லி. மறைக்கத் தெரியல. ஏசணும்னா ஏசு.”

“எதுக்கு ஏசணும்? நானுந்தான் நடவுக்கு வரப்போறேன்.” மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அந்தக் குறுவை நன்றாகவே விளைந்தது. அறுப்பு முடிந்ததும் அல்லி தெட்சிணாமூர்த்தியின் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, ஆத்தங்கரையில முள்ளு மண்டிக் கெடக்குற மேட்டுக் கொல்லைய எனக்கு விடுங்க.”

“ஆத்துலதான் சும்மா போடுறியே?”

“ஆறு முன்ன மாதிரி இல்லீங்க. எப்ப வரும், எப்ப வராதுன்னு சொல்ல முடியல. தண்ணி வந்தா ஒங்க வயல்ல நடுறேன். வராட்டி மேட்டுல காய் பறிக்கிறேன்.”

கூலிக்காரிக்குக் கொல்லை விட்டதில்லை அவர் வீட்டில். ஆனால் காய்ந்த வருஷங்களில் அவர் மனைவி தையல்நாயகியும் அல்லியிடம்தான் காய் வாங்கினாள்.

“முள்ள நீங்களே வெட்டிக்கணும். வெளைஞ்சா எனக்குப் பங்கு,” என்றார்.

முள்ளைக் கருப்பையன் வெட்டினான். கிணறும் அவனே தோண்டினான். மறு வருஷம் ஆறு மறுபடியும் பிந்தியது. ஏர் ஓட்டுகிறவன் கூடை தூக்குவதா என்று இரண்டு நாள் முனகினான். மூன்றாம் நாள் அல்லிக்குக் காய்ச்சல். அவனே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காரைக்கால் தெருவில் நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வயலில் மாடு ஓட்டுகிற குரலில், “வெள்ளரிக்கா!” என்று கத்தினான். நாலைந்து வீட்டுக் கதவுகள் ஒன்றாகத் திறந்தன.