கிழித்தெடுத்த நோட்டீஸ்

மாசாய் நகரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பாதுகாப்புப் பிரிவில் உதவி அதிகாரியாக நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கொரோனா தொற்று பரவத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். நோட்டீஸில் என் கையெழுத்தைப் பார்ப்பதில் எனக்குப் பெருமை.

‘நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை’ என்று முதல் நோட்டீஸில் எழுதினேன். நிபுணர்கள் அப்போது அப்படித்தான் சொன்னார்கள். பேக்கிங் லைனில் சரோஜா அக்கா மட்டும் வீட்டில் தைத்த துணி மாஸ்க்கோடு வந்தார். அவர் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

“தேவையில்லக்கா. போர்ட்ல போட்டிருக்கேன், பாக்கலயா?” என்றேன். அக்கா கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு தொழிற்சாலை சில வாரம் மூடிக் கிடந்தது. திறந்தபோது ஆலோசனை மாறியிருந்தது: எல்லோரும் அணிய வேண்டும். ஆபீஸ் வழக்கப்படி பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொன்னோம் என்பதுபோல இருந்தது போர்டு.

ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் மாஸ்க் கொடுத்தேன். பாதிப் பேர் தாடையில் மாட்டிக்கொண்டார்கள். “அலமாக்! அப்ப வேணாம், இப்ப வேணும். அடுத்து மூக்கே வேணாம்பாரு லா” என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மணியம். எல்லோரும் சிரித்தார்கள்.

சரோஜா அக்கா சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டினார். அதில் பழைய நோட்டீஸின் படம்.

“இது நீங்க போட்டதுதானே தம்பி? படிச்சவரு சொல்றீங்கன்னு கழட்டினேன். ஆனா மனசு கேக்கல. வீட்டுல அவரு பக்கத்துலயே போகாம, சாப்பாட்டுத் தட்டை வாசப்படியில வெச்சுட்டு வந்தேன். இப்ப எதை நம்பறது?”

‘மேலிடம் சொன்னதைத்தான் போட்டேன்’ என்பது வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

“நான் போட்டதுதான்க்கா. அறிகுறி இல்லாதவங்ககிட்டருந்தும் பரவும்னு அப்ப சரியா தெரியல. ஆஸ்பத்திரிக்கே மாஸ்க் பத்தல, அதனாலயும் அப்படிச் சொன்னாங்க. இது எதையும் நான் எழுதல. முடிவா தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். உங்கள கழட்டச் சொன்னது தப்பு. பழசைக் கிழிச்சது அதைவிடத் தப்பு.”

“நாளைக்கு மறுபடி மாத்துவீங்களா?”

“மாறலாம்க்கா. மாறினா நானே வந்து ஏன்னு சொல்றேன்.”

அக்கா மாஸ்க்கை மூக்கு மறையப் போட்டுக்கொண்டு மணியத்தின் பக்கம் திரும்பினார். “நீயும் ஏத்திப் போடுயா. உன் மூச்சுக்காத்தை என் புருஷனுக்கு நான் கொண்டுபோக முடியாது.”

மணியம் ஏற்றிப் போட்டார். எல்லோரும் அன்றே போட்டுவிடவில்லை. கடைசி இரண்டு பேருக்கு ஒரு வாரம் ஆனது.

இப்போதெல்லாம் அறிவிப்பு மாறினால், பழையதன்மேல் ஒரு கோடு போட்டு அங்கேயே விடுகிறேன். பக்கத்தில் புதியது, மாறிய காரணத்தோடு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்கிறார் மேனேஜர். இருக்கட்டும். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, சொன்னது மாறினால் ஆட்கள் திட்டிவிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். மாறவேயில்லை என்று காட்டிக்கொண்டால், அடுத்து நாம் சரியாகச் சொல்லும்போது கேட்க ஆள் இருக்காது.