அக்காவின் கயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு லோரி டெலிவரிச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டதுதான் என் எழுத்து வேலை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். எழுத்துகள் வரியில் நிற்காமல் சரியும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. அதனால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது நாங்கள் செந்தூலில் ரயில்வே தொழிலாளர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. அவள் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள்.

அந்தத் தொழிற்சாலை ஆட்கள் ஒருமுறை அவளை மெலாவத்திக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைக்கல் மலைக்குக் கூட்டிப்போனார்கள். கத்தி முதுகு மாதிரி நீண்டு கிடக்கும் மலை அது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் நீர்த்தேக்கம். கயிறு கட்டிக்கொண்டு அங்கே ஒரு பாறையில் ஏறிவிட்டு வந்த நாளிலிருந்து அக்கா பழைய அக்காவாக இல்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரல் வைக்க இடம் தேடினாள். வீட்டில் கதவு நிலையின் மேல்சட்டத்தை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் உயரம் பற்றாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மகள் ரோஷப்பட்டு உயரம் கூட்டிக்கொள்ளப் பாடுபடுகிறாள் என்று அம்மா நம்பினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் தொங்குமா. காலை நல்லா நீட்டு" என்று அடுப்படியிலிருந்தே உற்சாகப்படுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெலாவத்தியில் ஒரு தோழி வீட்டுக்குத் தையல் பழகப் போவதாக அக்கா சொல்லியிருந்தாள். விரல்களில் இருந்த கீறல்களுக்கெல்லாம் தையல் ஊசியே காரணமானது. வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினார். நான் வாய் திறக்காமல் இருப்பதற்கு, பாகு ஊற்றிய ஐஸ் துருவலான ஐஸ் கச்சாங் ஆளுக்கொன்று என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். மலையில் அக்காவின் தொழிற்சாலைக் கூட்டாளிகள் கயிற்றைப் பிடிப்பார்கள். நான் பைகளைப் பார்த்துக்கொள்வேன்.

அவர்களுக்கெல்லாம் தலைவர் ஒரு சீனர், அக்காவின் சூப்பர்வைசர். கயிறும் இடுப்பு வாரும் அவருடையவை. கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் இருக்கும் பெரிய மலைக்குப் போக ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார். உச்சிக்குக் கீழே இருந்த ஒரு செங்குத்துப் பாறையில் ஏறிக் காட்ட வேண்டும். அக்கா முன்பு பழகும்போது அதில் எல்லோர் முன்னாலும் வழுக்கித் தோற்றிருந்தாள்.

தேர்வுக்கு முந்திய ஞாயிறு கூட்டாளிகளுக்கு ஓவர்டைம். கயிறு அக்காவிடம் இருந்தது. நாங்கள் இருவர் மட்டும் மேலே போனோம். முதல் நாள் மழையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ புடிக்கிறியாடா?"

"நானா?"

"பயமா இருந்தா சொல்லு. வீட்டுக்குப் போயிடலாம்."

"பயமெல்லாம் இல்ல."

"அப்ப ஐஸ் கச்சாங் ரெண்டு."

"ரெண்டுலயும் ஐஸ்கிரீம் போடணும்."

"அம்மாவுக்கு ஏத்த புள்ள லா நீ, பேரம் பேசுற" என்று சிரித்தாள்.

அம்மாவின் பழைய கைலியை முறுக்கி என் இடுப்பில் சுற்றி, பின்னால் இருந்த ஒரு குட்டை மரத்தில் கட்டினாள். என்னை உட்காரவைத்து, கால்களைப் பாறைக்கு முட்டுக்கொடுக்கச் சொன்னாள். கயிற்றை என் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு கையிலும் கொடுத்தாள். தொழிற்சாலைக் கையுறையை எனக்கு மாட்டிவிட்டாள். அது எனக்கு முழங்கை வரை வந்தது. கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில். மறுமுனை எதிலும் கட்டப்படாமல் என் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அதையும் எதிலாவது கட்டியிருக்க வேண்டும். அவளுக்கு அவசரம். எனக்கு அறிவில்லை.

"மூணே வார்த்தைதான். புடின்னா இறுக்கிப் புடி. இழுன்னா இழு. விடுன்னா ஒரு சாண் விடு. ஒரேயடியா விட்டுடாத, நான் போயிடுவேன்."

மூன்றையும் என்னைத் திருப்பிச் சொல்லவைத்துவிட்டு விளிம்பைத் தாண்டி இறங்கினாள். "விடு… விடு… புடி" என்று குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஏறத் தொடங்கினாள். "இழு." நான் இழுத்தேன். முன்பு வழுக்கிய இடத்தை அவள் தாண்டிவிட்டாள் என்பது அவள் போட்ட கூச்சலில் தெரிந்தது.

"பாத்தியாடா! தாண்டிட்டேன்டா!"

தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் முகம் எனக்கு நேர் கீழே இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை. அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள். அந்தக் கல் அவள் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

கயிறு என் முதுகில் அறைந்தது. நான் முன்னால் இழுபட்டேன். கைலி இறுகி வயிற்றை நெரித்தது. பின்னால் ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. கைலி கிழிகிறது என்று நினைத்துத் திரும்பினேன். கைலி நன்றாகத்தான் இருந்தது. மரம்தான் வேரோடு மண்ணைத் தூக்கிக்கொண்டு சாய்ந்துகொண்டிருந்தது.

நான் உட்கார்ந்தபடியே விளிம்பை நோக்கிச் சறுக்கினேன். ஒரு காலின் சப்பாத்து விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. அடுத்த காலின் குதிகால் ஒரு கல்முண்டில் மாட்டி நின்றது. கீழே அக்கா அந்தரத்தில் தொங்கினாள். ஏறி வந்த பாதையிலிருந்து பக்கவாட்டில் ஊசலாடிப் போயிருந்தாள். பாறை அங்கே உள்வாங்கியிருந்ததால் அவள் காலுக்கு ஒன்றும் எட்டவில்லை. கால்களை வீசி வீசித் தேடினாள். அவள் வீச வீச என் குதிகால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. மண்ணும் வேரும் அவள் முகத்தில் விழுந்தன.

அவள் வீசுவதை நிறுத்தினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் சப்பாத்தின் அடிப்பாகத்தையே பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"தம்பி, விடு."

நான் ஒரு சாண் விட்டேன்.

"விடுடா!"

இன்னொரு சாண்.

"விட்டுடுடா! சொல்றதக் கேளு, விடு!"

அவள் எத்தனை முறை சொன்னாளோ அத்தனை முறையும் விட்டேன். கையுறைக்குள் உள்ளங்கை எரிந்தது. ஒரேயடியாகப் போய்விடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே கத்தினாள். நானும் அழுதுகொண்டே சாண் சாணாக விட்டேன். திடீரென்று கயிறு கனமில்லாமல் போயிற்று.

அக்கா விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு பறவையின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கீழேயிருந்து, "இரு. ஆடாம இரு. கால்ல கல்லு தட்டுது" என்றாள். உள்வாங்கிய பாறைக்குக் கீழே ஒரு மேடு இருந்திருக்கிறது. மேலிருந்து அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவள் பக்கவாட்டில் புதர்களைப் பிடித்துச் சுற்றி ஏறி எனக்குப் பின்னால் வந்தாள். சட்டைக் காலரைப் பிடித்து என்னை உள்ளே இழுத்துப் போட்டாள். போட்டதும் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"விடுன்னு சொன்னா விட மாட்டியா?"

"விட்டேனேக்கா!"

"என்னடா விட்ட?"

"சாண் சாணா விட்டேன். நீதானே அப்படி விடச் சொன்ன."

அவள் என்னையே பார்த்தாள். என் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மெதுவாக விட்டதற்குத்தான் அடி என்று எனக்குப் புரிந்தது. அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். "இவன் படிக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா தனியாகப் போய்விட்டாள். வேலை சரியில்லை என்று நிறுத்திவிட்டாள்.

அன்று முழுக்கப் பழகினேன். அம்மாவின் துணிக்கொடியை அவிழ்த்து, சிவப்பு வாளியில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, மூன்றாவது மாடித் தடுப்புக்கு வெளியே, தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறக்கித் தொங்கவிட்டேன். கீழே யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "விடு" என்று நானே சொல்வேன். சொன்னதும் இரண்டு கையையும் எடுத்துவிடுவேன். முதல் சில முறை கை தயங்கியது. பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் அக்கா கீழே அடுக்குமாடி வாசலில் நுழைந்தபோது அவளை மேலேயிருந்து கைதட்டிக் கூப்பிட்டேன். சபாவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். அன்று கேட்கத் தோன்றவில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒன்று இருந்தது.

"அக்கா, அங்கயே நின்னு பாரு! விடுன்னு சொல்லு!"

அவள் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லி, கையை எடுத்தேன். இந்த முறை மேலேயிருந்தே விழுந்ததால் வாளி சிமெண்டில் இரண்டாகப் பிளந்தது.

"இப்ப சொன்ன உடனே விட்டுடறேன் பாத்தியா?"

அக்கா மேலே வரவில்லை. படிக்கட்டின் முதல் படியிலேயே உட்கார்ந்து, முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் மூன்று மாடியும் ஓடி இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன். அது புது வாளி. அம்மா பாசாரில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"அழாதக்கா," என்றேன். "வாளிய நான்தான் உடைச்சேன்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

செந்தூல்
16 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை